அழுத்தம்: இயற்பியலிலும் உடம்பிலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் படிப்பவர்களும் வீட்டில் பி.பி. பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். ஓர் அழுத்த எண்ணைச் சொல்லும்போது அது எதோடு ஒப்பிட்ட எண், எந்த உயரத்தில் அளந்த எண் என்ற இரண்டையும் கேட்க மறந்துவிடுகிறோம். ரத்த அழுத்த எண்கள் எல்லாம் கீழே 'மி.மீ.' என்று சுருக்கமாக வருகின்றன. அது மில்லிமீட்டர் பாதரசத்தைக் குறிக்கும்.

அழுத்தம், விசை இரண்டும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு பெயர்?

ஒன்றில்லை. விசையை, அது விழும் பரப்பால் வகுத்தால் வருவது அழுத்தம். 60 கிலோ எடையுள்ளவர் தரையில் செலுத்தும் விசை சுமார் 590 நியூட்டன். இரண்டு பாதமும் சேர்ந்து 300 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறத்தாழ 20,000 பாஸ்கல். அவரே ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு, பாதி எடையை 1 சதுர சென்டிமீட்டர் முனையில் ஊன்றினால் அது 29 லட்சம் பாஸ்கலைத் தொடும். எடை கூடவில்லை, பரப்புதான் சுருங்கியது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. விசைக்குத் திசை இருக்கிறது, அழுத்தத்துக்கு இல்லை. அசையாத தண்ணீருக்குள் ஒரு புள்ளியில் மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலும் ஒரே அளவு அழுத்தம்தான். தொட்டியின் சுவரில் ஓட்டை போட்டால் தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சுவது அதனால்தான்.

பாஸ்கல், பார், பிஎஸ்ஐ, மில்லிமீட்டர் பாதரசம்... எதை எதாக மாற்றுவது?

கடல் மட்டத்தில் காற்று தரும் அழுத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாக வரும்: 1,01,325 பாஸ்கல், 1.013 பார், 14.7 பிஎஸ்ஐ, 760 மி.மீ. பாதரசம், 10.3 மீட்டர் உயரத் தண்ணீர். எல்லாம் ஒரே அழுத்தம்தான்.

பி.பி.க்கு வேண்டியது இவ்வளவுதான்: 1 மி.மீ. பாதரசம் என்பது 133.3 பாஸ்கல், அல்லது 13.6 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர். ஆக 120 மி.மீ. என்றால் 16 கிலோபாஸ்கல்; தண்ணீராகப் பார்த்தால் 163 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம்.

தலைக்கு மேல் இவ்வளவு காற்று இருக்கிறதே, நாம் ஏன் நசுங்கவில்லை?

ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 10 டன் எடைக்குச் சமமான விசை விழுவது உண்மைதான். ஆனால் உள்ளேயும் அதே அழுத்தம் இருக்கிறது. திசுக்களில் இருக்கும் நீர் எளிதில் சுருங்காது. நுரையீரலில் இருக்கும் காற்று மூக்கு வழியாக வெளிக்காற்றோடு சேர்ந்தே இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினால் எதுவும் நகராது.

எதையும் நகர்த்துவது, வளைப்பது, உடைப்பது எல்லாம் அழுத்த வேறுபாடுதான். ஸ்ட்ராவில் பானம் ஏறுவதும் இப்படியே: வாய்க்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று பானத்தை மேலே தள்ளுகிறது. 'உறிஞ்சும் விசை' என்று தனியாக ஒன்று கிடையாது.

டயரில் காற்றே இல்லாதபோது கேஜ் பூஜ்யம் காட்டுகிறது. ஆனால் சுற்றியுள்ள காற்றே 1 பார் என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை. இதற்குக் கேஜ் அழுத்தம் என்று பெயர். வெற்றிடத்திலிருந்து எண்ணினால் கிடைப்பது தனி அழுத்தம். கேஜ் அழுத்தத்தோடு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்டினால் தனி அழுத்தம் வந்துவிடும். பி.பி.யும் கேஜ் அளவுதான். 120 என்று சொல்லும்போது, கடல் மட்டத்தில் உண்மையில் உள்ளே இருப்பது 880 மி.மீ.

வாயு விதிகளில் கணக்குப் போடும்போது இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கேஜில் 2.2 பார் காட்டும் டயர் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாகிறது; கொள்ளளவு மாறவில்லை என்று கொள்வோம். முதலில் 1.01 கூட்டி 3.21 ஆக்க வேண்டும். வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து 323-ஐ 293-ஆல் வகுத்துப் பெருக்கினால் 3.54. மறுபடி 1.01 கழித்தால் கேஜ் 2.53 காட்டும். கூட்டாமல் 2.2-ஐ அப்படியே பெருக்கினால் 2.43 என்று தவறாக வரும். செல்சியஸிலேயே வகுத்தால் 5.5 வரும்; அந்த எண்ணைப் பார்த்தவுடனே எங்கோ தப்பு என்று தெரிந்துவிட வேண்டும்.

எதற்குப் பாதரசம்? தண்ணீர் வைத்து அளக்கக் கூடாதா?

அளக்கலாம், குழாய்தான் மாடி உயரத்துக்குப் போகும். 1643 வாக்கில் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி, காற்றழுத்தம் ஒரு பாதரசத் தூணைத் தாங்கி நிறுத்துவதைக் காட்டினார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதால் 10.3 மீட்டர் வெறும் 76 சென்டிமீட்டராகச் சுருங்கியது. ரத்தத்தையே தூணாக வைத்தாலும் குழாய் நீளும்: ஆங்கிலேயரான ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-இல் வெளியிட்ட சோதனையில், குதிரையின் தமனியில் செருகிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் இதய மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறியது. மி.மீ. பாதரசத்தில் அது 195 அளவுக்கு வரும்.

தூணின் உயரம் மட்டுமே கணக்கு. குழாய் அகலமா ஒடுக்கமா என்பது பொருட்டில்லை. வாசிக்கும்போது கண் திரவத்தின் மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். பாதரசத்தின் மேற்பரப்பு நடுவில் மேடாக இருக்கும், அந்த உச்சியைப் படியுங்கள். தண்ணீர் நடுவில் குழியும், அந்த அடிப்பகுதியைப் படியுங்கள். பாதரசம் நஞ்சு என்பதால் மினமாட்டா உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தம் இத்தகைய கருவிகளை விலக்கச் சொல்கிறது. கருவி போனாலும் அலகு தங்கிவிட்டது.

120/80 என்பது பின்னமா? கீழே இருக்கும் எண் ஏன் பூஜ்யத்துக்கு வருவதில்லை?

பின்னம் இல்லை, வகுக்கக் கூடாது. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனியில் எட்டும் உச்சம் சிஸ்டாலிக். அடுத்த துடிப்புக்குச் சற்று முன் இருக்கும் தாழ்நிலை டயஸ்டாலிக். இதயம் ஓய்வெடுக்கும் நேரத்திலும் அழுத்தம் விழுந்துவிடாமல் இருக்க இரண்டு காரணங்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியான மகாதமனியின் சுவர் ரப்பர் போல விரிந்து ரத்தத்தைத் தேக்கிக்கொண்டு, பிறகு சுருங்கி முன்னே தள்ளுகிறது. நுண்தமனிகள் அந்த ரத்தத்தை உடனே வடியவிடாமல் தடுக்கின்றன.

சராசரி வேண்டுமானால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். ஓய்வில் இருக்கும்போது தாழ்நிலையின் பக்கமே நேரம் அதிகம் கழிகிறது. அதனால் டயஸ்டாலிக்கோடு வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். 80 + 40/3, அதாவது 93.

வயதாகும்போது மகாதமனி விறைத்துப்போகிறது. அப்போது மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். 160/70 என்பதைக் 'கீழ் எண் நன்றாக இருக்கிறதே' என்று எண்ணி விட்டுவிடக் கூடாது.

கைக்கு வெளியே பட்டை சுற்றி, உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை எப்படி அளக்க முடிகிறது?

தமனியை வெளியிலிருந்து நசுக்கி, எந்த அழுத்தத்தில் அது மூடுகிறது, எதில் திறக்கிறது என்று பார்க்கிறோம். கஃப் எனப்படும் இந்தக் கைப்பட்டை முறையை ரிவா-ரோச்சி 1896-இல் கொண்டுவந்தார். 1905-இல் கொரட்காவ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கும் முறையைச் சேர்த்தார். 120/80 உள்ளவருக்குப் பட்டை 150 மி.மீ. அழுத்தினால் தமனி முழுக்க மூடிக்கிடக்கும், சத்தம் இருக்காது. மெல்ல இறக்கும்போது, சிஸ்டாலிக்கைத் தொட்டதும் ஒவ்வொரு துடிப்பின் உச்சியிலும் ஒரு கணம் தமனி திறந்து மூடும். அதுதான் 'டப்' என்று கேட்கிறது. டயஸ்டாலிக்குக்குக் கீழே இறங்கியதும் தமனி மூடுவதே இல்லை. சத்தம் மறைகிறது.

செய்முறை இது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும்; உள்ளே இருக்கும் ரப்பர் பையின் நடுப்பகுதி தமனிக்கு நேராக வர வேண்டும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே, காற்றேற்றும் ரப்பர் பல்பை அழுத்துங்கள். நாடி மறையும் எண்ணைக் குறித்துக்கொண்டு காற்றை முழுவதும் விடுங்கள். சற்றுப் பொறுத்து, அந்த எண்ணுக்கு மேல் 30 வரை மறுபடி ஏற்றி, வால்வை இலேசாகத் திறந்து விநாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்குங்கள். முதல் சத்தம் மேல் எண், சத்தம் நின்றது கீழ் எண்.

நாடி பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. சிலருக்கு இடையில் சிறிது தூரம் சத்தமே கேட்காமல் போய் மறுபடி வரும். 180-இல் தொடங்கும் சத்தம் 160-இல் மறைந்து 140-இல் மீண்டும் வருகிறது என்று வையுங்கள். 155 வரை மட்டும் ஏற்றியவருக்கு மேல் எண் 140 என்றே தோன்றும். வேகமாக இறக்குவதும் இதே மாதிரி கெடுக்கும்: நிமிடத்துக்கு 60 துடிப்பு உள்ளவரிடம் விநாடிக்கு 10 வீதம் இறக்கினால், இரண்டு துடிப்புக்கு நடுவே 10 மி.மீ. காணாமல் போய்விடும். மேல் எண் குறைவாக வரும், கீழ் எண்ணும் பிசகும்.

பட்டை சின்னதோ பெரியதோ, சுற்ற முடிந்தால் போதாதா?

போதாது. எண் தவறாக வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ரப்பர் பையின் நீளம் கைச்சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும், அகலம் சுமார் 40 சதவீதம். மேல்கையின் நடுவில் சுற்றளவு 30 சென்டிமீட்டர் என்றால் பை 24-க்கு 12. பை ஒடுக்கமாக இருந்தால் அதன் அழுத்தம் முழுதாகத் தமனி வரை இறங்காது, தோலுக்கு அருகிலேயே சிதறிவிடும். தமனியை மூட இன்னும் ஏற்ற வேண்டியிருக்கும், எண் அதிகமாக வரும். பெரிய பட்டையில் எண் குறைவாக வரும், ஆனால் அந்தப் பிசகு பொதுவாகச் சிறியது.

வெறும் கையில் கட்டுங்கள். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது இறுக்கிப் பிடித்து இன்னொரு பட்டையாகிவிடும்; சட்டையையே கழற்றிவிடுவது மேல். கட்டியபின் உள்ளே இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும்.

கையைத் தொங்கவிட்டால் 140, மேசையில் வைத்தால் 131. எது நிஜம்?

மேசையில் வந்தது, மேசை இதய மட்டத்தில் இருந்தால். ரத்தமும் ஒரு திரவம். கீழே போகப் போக அழுத்தம் ஏறும். அடர்த்தி, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 10 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 8 மி.மீ. என்று கிடைக்கும். பட்டை இதயத்துக்குக் கீழே இருந்தால் எண் கூடும், மேலே இருந்தால் அதே கணக்கில் குறையும். கருவியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதால் எதுவும் மாறாது, ஏனென்றால் அதன் குழாயில் இருப்பது காற்று. அதன் எடை இங்கே பொருட்டில்லை. பட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மார்பு எலும்பின் நடுப்பகுதியை இதய மட்டமாகக் கொள்ளுங்கள். கையைத் தாங்க மேசையோ தலையணையோ வேண்டும். நீங்களே தூக்கிப் பிடித்தால் தசை இறுகி எண் ஏறும். மணிக்கட்டில் கட்டும் கருவிகளில் இந்த உயரப் பிசகு இன்னும் எளிதாக நுழைகிறது, மணிக்கட்டு 20 சென்டிமீட்டர் இறங்குவது சாதாரணம். முடிந்தவரை மேல்கைக் கருவியையே வாங்குங்கள்.

அப்படியானால் நிற்கும்போது பாதத்தில் அழுத்தம் எவ்வளவு? மூளைக்கு ரத்தம் எப்படி ஏறுகிறது?

மேலே சொன்ன கணக்கே. பாதம் இதயத்துக்கு 120 சென்டிமீட்டர் கீழே என்றால் 93 மி.மீ. கூடும், சராசரி 93 என்பது பாதத் தமனியில் 186 ஆகிவிடும். தலை 35 சென்டிமீட்டர் மேலே என்றால் 27 குறைந்து 66. 'காலில் 186 இருந்தால் ரத்தம் ஏன் தலைக்கே ஓடவில்லை' என்று கேட்பார்கள். அசையாமல் நிற்பவரின் காலில் சிரையிலும் அதே 93 கூடியிருக்கிறது. தமனிக்கும் சிரைக்கும் இடையிலான வேறுபாடு மாறவில்லை. ஓட்டத்தை நடத்துவது அந்த வேறுபாடு.

ஆனால் சிரையின் சுவர் மெல்லியது, அழுத்தம் கூடினால் விரிந்து ரத்தத்தைத் தேக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து மேலே தள்ளுகிறது, வால்வுகள் திரும்பி விழாமல் தடுக்கின்றன. நெடுநேரம் அசையாமல் நிற்பவர் மயங்கி விழுவது இந்தத் தேக்கத்தால்தான். அவரைப் படுக்க வையுங்கள், எழுப்பி உட்கார வைக்காதீர்கள். படுத்து எழுந்து 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டுக் கருவியும் டாக்டரின் கருவியும் வேறு வேறு எண் காட்டுகின்றனவே?

வீட்டில் இருக்கும் தானியங்கிக் கருவி சத்தம் கேட்பதில்லை. பட்டைக் காற்றில் துடிப்பு உண்டாக்கும் சிற்றதிர்வுகளை அளக்கிறது. அதிர்வு மிகப் பெரிதாக இருக்கும் இடம் சராசரி அழுத்தத்துக்கு அருகில். மேல், கீழ் எண்களை அந்த அதிர்வு வடிவத்திலிருந்து கருவிக்குள் இருக்கும் சூத்திரம் ஊகிக்கிறது. சூத்திரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. தர விதிப்படி சராசரிப் பிசகு 5 மி.மீ.-க்குள்ளும், அதன் திட்ட விலக்கம் (பிசகுகள் சிதறும் அளவு) 8-க்குள்ளும் இருந்தால் கருவி தேறிவிடும். ஆகவே 5, 6 வித்தியாசத்துக்காகக் கருவியை மாற்ற வேண்டியதில்லை.

துடிப்பு சீரில்லாதவர்களுக்கு, குறிப்பாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நிலை) உள்ளவர்களுக்கு, இந்த ஊகம் தடுமாறும். அவர்களுக்கு மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. முள் வைத்த கருவியாக இருந்தால், காற்றில்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பூஜ்யத்தில் நின்றாலும் மற்ற இடங்களில் பிசகலாம்; அவ்வப்போது சரிபார்க்கக் கொடுத்தாக வேண்டும்.

ஒரே நாளில் 118, 136, 127 என்று வருகிறது. எதை நம்புவது?

தனியாக எதையும் நம்ப வேண்டாம். ரத்த அழுத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் மாறும் ஒன்று. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இப்படிக் காலையும் மாலையும் 7 நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது மேலே என்றால் உயர் ரத்த அழுத்தம் என்று பல வழிகாட்டிகள் கொள்கின்றன. மருத்துவமனையில் அந்த எல்லை 140/90. அமெரிக்க இதய அமைப்புகள் 2017-இல் 130/80 ஆகக் குறைத்தன.

180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

டிரிப் பாட்டிலைக் கீழே இறக்கினால் ஏன் ரத்தம் குழாயில் ஏறுகிறது?

1 மீட்டர் உயரத்தில் தொங்கும் மருந்து நீர் ஊசி முனையில் சுமார் 74 மி.மீ. அழுத்தம் தருகிறது; கைச் சிரையில் இருப்பது அதைவிட மிகக் குறைவு. பாட்டில் கை மட்டத்துக்கு வந்தால் அந்த வேறுபாடு போய்விடும், கீழே போனால் திசையே மாறிவிடும். டிரிப் ஏறும் கையிலேயே பி.பி. பட்டை கட்டினாலும் இதேதான் நடக்கும்: பட்டை சிரையை அடைத்து, கையில் அழுத்தம் ஏறி, ரத்தம் குழாயில் திரும்பும். மற்றக் கையில் கட்டச் சொல்லுங்கள்.

விமானத்தில் காது அடைக்கிறதே, பி.பி.யும் இறங்குமா?

விமானக் கேபினில் காற்றழுத்தம் சுமார் 75 கிலோபாஸ்கல் வரை குறையலாம். பி.பி. கேஜ் அளவு என்பதால் வெளிக்காற்று இறங்கியதற்காக அது இறங்காது. பட்டையும் உடம்பும் ஒரே காற்றில்தான் இருக்கின்றன. காதில் நிலைமை வேறு. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று, காதையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேக்கியன் குழாய் வழியாகத்தான் சமப்பட வேண்டும். விமானம் ஏறும்போது உள்காற்று தானே வெளியேறும். இறங்கும்போது அந்தக் குழாய் ஒட்டிக்கொள்ளும். விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். மூக்கைப் பொத்தி ஊதுவதானால் மெதுவாக.

நீண்ட குழாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு 1 மீட்டர் ஆழத்தில் மூச்சு விட முடியுமா?

முயலாதீர்கள். குழாய் வழியாக நுரையீரலில் இருப்பது மேற்பரப்புக் காற்றின் அழுத்தம். மார்பின் மேல் இருப்பது அதைவிட 10 கிலோபாஸ்கல் அதிகம். மார்பின் முன்பக்கப் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு மூச்சுக்கும் 60 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம்.

முக்குளிப்பவர்களின் சிலிண்டர், ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்று தருவதால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்குப் பதில் வேறொன்று வரும். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் தனி அழுத்தம் சுமார் 2 பார். அங்கே நிரப்பிய 6 லிட்டர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். ஓரிரு மீட்டரிலிருந்து வந்தாலும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் மேலேறும்போது மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது முதல் பாடம்.

குழாய் குறுகினால் அழுத்தம் குறையும் என்று இயற்பியலாளர் பெர்னூலி சொல்கிறார். ரத்தக்குழாய் குறுகினால் பி.பி. கூடும் என்கிறார் டாக்டர். யார் சரி?

இருவரும் வேறு வேறு இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பெர்னூலி சொல்வது குறுகிய இடத்துக்குள்ளே இருக்கும் அழுத்தம்: அங்கே ரத்தம் வேகமெடுக்கிறது, அழுத்தத்தின் ஒரு பகுதி வேகமாக மாறிவிடுகிறது. டாக்டர் சொல்வது குறுகலுக்கு முன்னால், பெரிய தமனிகளில் இருக்கும் அழுத்தம். உடம்பெங்கும் நுண்தமனிகளின் ஆரம் 10 சதவீதம் சுருங்கினால், குழாயின் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்ற விதிப்படி, தடை சுமார் ஒன்றரை மடங்காகிறது. அதே அளவு ரத்தத்தைத் தள்ள இதயம் முன்பக்க அழுத்தத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

பெர்னூலியின் கணக்கும் இதய மருத்துவத்தில் தினமும் பயன்படுகிறது. எக்கோ ஸ்கேனில் வால்வு வழியாகப் பாயும் ரத்தத்தின் வேகத்தை விநாடிக்கு மீட்டரில் அளந்து, அதை வர்க்கப்படுத்தி 4-ஆல் பெருக்கினால் வால்வின் இருபக்க அழுத்த வேறுபாடு மி.மீ.-இல் கிடைக்கும். சாதாரண வேகமான 1 மீட்டரில் அது வெறும் 4. மகாதமனி வால்வு சுருங்கி வேகம் 4 மீட்டரை எட்டினால் 64. அதாவது கையில் 120 காட்டும் அந்த நபரின் இதய அறைக்குள் அழுத்தம் அதைவிட மிக அதிகமாக இருக்கும். கைப்பட்டை வால்வுக்கு இந்தப் பக்கம் மட்டுமே பார்க்கிறது.